பந்தியில் கருத்துக் கேட்டால் என்ன சொல்வது?

கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பார் முடிந்து அடப்பிரதமனுக்கு இலை காத்திருக்கும் நேரம். அப்போதுதான் பக்கத்து இலைப் பாட்டா கேட்பார்: “பொண்ணுக்கு அம்பது பவுன் போட்டாச்சு. இனி அவளுக்குச் சொத்துல என்ன பங்கு? நீ படிச்சவன்லா, சொல்லு மக்கா.”

பெரும்பாலோர் அந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். “ஆமா பாட்டா” என்று தலையாட்டிவிட்டு இலையைப் பார்ப்பார்கள். இல்லையென்றால் காலையில் வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஒப்பிப்பார்கள். நான் இரண்டையும் பலமுறை செய்திருக்கிறேன். படிப்பு முடித்து, அல்லது வெளியூர் வேலையிலிருந்து லீவுக்கு வந்து, திடீரென்று “கருத்துக் கேட்கப்படும் வயதுக்கு” வந்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பவர்கள் தப்பிக்க வழியே இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 91.75 சதவீதம், மூன்று மதங்கள், இரண்டு மொழிகள், சாயாக்கடைக்குச் சாயாக்கடை பத்திரிகை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் மழை பெய்கிற மண். கருத்து மழைக்குப் பருவமே கிடையாது.

முதல் வேலை: நேரம் வாங்குங்கள்

“இப்பத் தெரியாது பாட்டா, விசாரிச்சுச் சொல்லுதேன்.” இந்த ஒரு வரியைக் கூச்சமில்லாமல் சொல்லப் பழகுங்கள். முதல் இரண்டு தடவை “இதுக்காக்கும் உன்ன படிக்க வெச்சுது?” என்று சிரிப்பார்கள். மூன்றாவது தடவை, விசாரித்துவிட்டு நிஜமாகவே போய்ச் சொன்னால், அப்புறம் அவர்களே காத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில், கேள்வி காதில் விழுந்தவுடன் மனதில் முதலில் எழுந்த பதிலை எழுதுங்கள். அதன் பக்கத்தில், அது எங்கிருந்து வந்தது என்றும் எழுதுங்கள். அப்பா சொன்னதா, வேதபாட வகுப்பில் கேட்டதா, ஆபீஸில் ஒரு நண்பர் சொன்னதா, ரீல்ஸில் பார்த்ததா? என் நோட்டின் முதல் பத்துப் பதில்களில் எட்டு, என் அப்பா பேசும் வாக்கியங்கள். அவர் குரலின் ஏற்ற இறக்கம்கூட அதில் இருந்தது. இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதில் தப்பில்லை. அது இரவல் என்று நமக்காவது தெரிந்தால் போதும்.

அடுத்தது: கேள்வியை உடைப்பது

நம்மிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் தேங்காய் மாதிரி முழுசாக வரும். உடைக்காமல் தின்ன முடியாது. “இலவசம் நல்லதா கெட்டதா?” என்ற கேள்விக்கு யாரும் உருப்படியாகப் பதில் சொல்லிவிட முடியாது. அது சண்டைக்கான கேள்வி.

சொந்தக் கதை ஒன்று. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, எங்கள் ஊர் வழியாகச் சாயங்காலம் போய்க்கொண்டிருந்த ஒரு பஸ் நின்றுபோனது. “ஓசி டிக்கெட் குடுத்தா பஸ் எப்படி ஓடும்?” என்று சாயாக்கடையில் முதலில் சொன்னது நான்தான். நாலு பேர் ஆமோதித்தார்கள். நாலு பேர் ஆமோதித்ததும் அது எனக்கே உண்மையாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

பிறகு ஒருநாள் ஒரு கண்டக்டரிடம் பேச்சுக் கொடுத்தேன். பெண்களுக்கும் டிக்கெட் கிழித்துத்தான் கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கு மேலே போகிறது, அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு கொடுக்கிறது. அப்படியானால் எங்கள் பஸ் ஏன் நின்றது? “டிரைவர் இல்ல அண்ணே. ரெண்டு பேரு ரிட்டயர் ஆனாங்க, ஆள் போடல.” யோசித்துப் பார்த்தால், அதே நேரத்தில் ஆண் பெண் எல்லோரிடமும் காசு வாங்கி ஓடிய இன்னொரு பஸ்ஸும் நின்றிருந்தது. அது என் கண்ணெதிரேதான் நின்றது. எனக்குப் பிடித்த காரணத்துக்கு அது ஒத்துவராததால் நான் அதை எண்ணவே இல்லை.

இப்போது அந்தத் தேங்காயை இப்படி உடைக்கலாம். எந்தப் பஸ்ஸுக்கு இலவசம்? யார் காசு கொடுக்கிறார்கள்? பஸ் நின்றதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? இந்த மூன்றுக்கும் யாரையாவது கேட்டால் பதில் கிடைத்துவிடும். நாலாவதாக ஒன்று மிஞ்சும்: நல்ல சம்பளம் வாங்கும் பெண்ணும் முந்திரி ஆலைக்குப் போகும் பெண்ணும் ஒரே மாதிரி இலவசமாகப் போவது சரியா? நாம் கருத்துச் சொல்லத் தகுந்த கேள்வி இதுதான். என் எண்ணம், சரி என்பது. முந்திரி ஆலைக்குப் போகிறவரை நிறுத்திச் சம்பளச் சான்றிதழ் கேட்கும் பஸ்ஸில் அவர் ஏற மாட்டார். நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். ஆனால் டிரைவர் இல்லாமல் நின்ற பஸ்ஸை அதற்குச் சாட்சியாகக் கூட்டி வராதீர்கள்.

“காலங்காலமா” என்ற சொல் வந்தால் நிறுத்துங்கள்

பாட்டாவின் கேள்விக்கு வருவோம். அதற்குள் எப்படியும் ஒரு “காலங்காலமா இங்க இப்படியாக்கும்” இருக்கும். அந்தச் சொல்லைக் கேட்டதும் “எந்தக் காலத்திலிருந்து?” என்று மெல்ல விசாரியுங்கள். சொத்து விஷயத்தில் குமரி மாவட்டம் போல ஒரு வழக்கத்தில் நிற்காத மண் குறைவு. நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடையே மருமக்கள் வழி இருந்தது. மாமன் சொத்து மருமகனுக்கு, அதாவது அக்கா தங்கை மகனுக்கு. பெற்ற பிள்ளைகளும் மனைவியும் பட்ட பாட்டைத் தேரூர்க்காரரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை கேலியும் கண்ணீருமாகப் பாடியே வைத்தார். 1920-களில் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டு அதை மாற்றியது. அப்போதும் “காலங்காலமா” என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்.

பாட்டா வீடு போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களின் கதை இன்னும் சுவாரசியம். 1916-ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ஸ்திரீதனம் கொடுத்திருந்தால், அல்லது கொடுப்பதாக வாக்குச் சொல்லியிருந்தால், அதுவும் கிடையாது. “சீதனம் குடுத்தாச்சு, இனி என்ன பங்கு” என்று பந்தியில் பாட்டா கேட்டது வெறும் பேச்சல்ல. ஒரு காலத்துச் சட்டத்தின் வாசகத்தைத்தான் அவர் தெரியாமலே சொல்லிக்கொண்டிருக்கிறார். மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: 1951 ஏப்ரல் 1 முதலே அந்தப் பழைய சட்டம் இல்லை, 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். அதில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. 1951-ல் நாமும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தோம். தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1.

இந்துக் குடும்பங்களில், கூட்டுக் குடும்பச் சொத்தில் மணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-லேயே உரிமை கொடுத்தது. 2005-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. இஸ்லாமிய முறையில் மகளுக்கு மகன் பங்கில் பாதி. ஆக, ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேருக்கு மூன்று பதில். இது தெரியாமல் பொதுவாகச் சொல்லும் எந்தக் கருத்தும் பாதி இலைக்குப் பொருந்தாது.

இதையெல்லாம் எங்கே தேடுவது என்று கேட்டால், சட்டங்கள் அரசு இணையதளங்களிலேயே இருக்கின்றன. அதைவிடச் சுலபம், ஊரில் ஒரு பத்திர எழுத்தரோ வக்கீலோ உங்களுக்குத் தெரிந்தவராக இருப்பார்; ஒரு சாயா வாங்கிக் கொடுங்கள். அரசு அலுவலகக் கணக்கு வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஊர்க் காரியம் என்றால் கிராமசபை. அதற்கு வருடத்தில் ஆறு நாள் குறித்திருக்கிறார்கள், நவம்பர் 1-ம் அதில் ஒன்று.

பிறகு ஒரு கணக்குப் போடுங்கள்

சட்டம் தெரிந்ததும் கருத்து முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒரு தாளை எடுத்து எண்களை எழுதுங்கள். ஐம்பது பவுன் என்றால் 400 கிராம். தகப்பனுக்கு 60 சென்ட் விளை (தோட்டம்) இருந்து, அம்மாவும் இல்லை, இரண்டு மகன் ஒரு மகள் என்றால் ஆளுக்கு 20 சென்ட். இன்றைய தங்க விலையையும் உங்கள் ஊர் நில விலையையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சில ஊரில் நகை கூடும், சில ஊரில் ரோட்டோரம் நாலு சென்டே நகையைத் தாண்டும்.

விலையோடு நிறுத்தாமல், பத்து வருஷம் கழித்து அது யார் கையில் இருக்கும் என்றும் எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் நகையில் பாதிக்கு மேல், கல்யாணமான இரண்டாம் வருஷமே மாப்பிள்ளை வீட்டு மாடி கட்ட அடகுக்குப் போனது. வீடு மாமனார் பேரில். மறுபக்கத்தையும் எழுத வேண்டும்: அந்த நகையைப் போட அவள் அண்ணன் வளைகுடாவில் நாலு வருஷம் கடன் அடைத்தான். அவனிடம் போய் “தங்கச்சிக்குப் பங்கு கொடு” என்றால் அவனுக்கு எரியத்தான் செய்யும். அவன் கோபமும் கணக்கில் ஒரு வரிதான். இதில் சட்டம் வேறு ஒன்றும் சொல்கிறது: 1961-ம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி கேட்டு வாங்குவதும் கொடுப்பதும் இரண்டுமே குற்றம். அதாவது, அவனை நாலு வருஷம் வெயிலில் நிறுத்திய அந்தப் பேரமே நடந்திருக்கக் கூடாது. “நகையா பங்கா” என்ற கேள்வியே கோணலாகப் போடப்பட்ட கேள்வி என்று எனக்குப் புரிந்தது இந்தத் தாளைப் பார்த்துத்தான்.

அந்தப் பக்கத்தில் இருப்பவரிடம் போய் உட்காருங்கள்

இதுதான் எல்லோரும் விட்டுவிடும் இடம். பெண்ணுக்குப் பங்கு பற்றி ஆண்கள் ஒரு மணி நேரம் பேசுவோம். ஒரு பெண்ணிடம் கேட்க மாட்டோம்.

கருங்கல் பக்கம் எனக்கு ஒரு பெரியம்மா உண்டு. 1984-ல் கல்யாணம். முதல் தடவை போனபோது தப்பாகக் கேட்டேன். “நீங்க ஏன் பெரியம்மா பங்கு கேக்கல?” என்றேன். “கேட்டா குடுப்பாங்களா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி குற்றப்பத்திரிகை மாதிரி விழுகிறது. அடுத்த மாதம் போனேன். திண்ணையில் உட்கார்ந்து சக்கைக்கொட்டை, அதாவது பலாக்கொட்டை, தோலுரித்துக்கொண்டிருந்தார். சக்கை அவர் அண்ணன் வீட்டு மரத்தது. வருஷா வருஷம் இரண்டு மூன்று வந்துவிடும். நானும் ஒரு கை எடுத்து உரித்துக்கொண்டே, “கல்யாணத்துக்கு முந்தி வீட்டுல என்ன நடந்துது?” என்று மட்டும் கேட்டேன்.

“கல்யாணத்துக்கு முந்தின திங்கக்கிழமை அண்ணன் ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனான். ஒப்புப் போடச் சொன்னாங்க, போட்டேன். கைரேகை வெச்சேன். அப்பறம் ஓட்டல்ல பூரி வாங்கித் தந்தான். ஓட்டல்ல நான் மொதமொதல்ல பூரி தின்னது அன்னைக்காக்கும் மக்கா.”

அது விடுதலைப் பத்திரம். “எனக்கு இதில் பாத்தியமில்லை” என்று மகள்களிடம் எழுதி வாங்கிக்கொள்வது.

“வருத்தமா பெரியம்மா?”

“எதுக்கு? பங்கு வாங்கிட்டா பொறந்த வீட்டு வாசல் அடஞ்சிரும்லா. எனக்கு ஒரு சங்கடம்னா அண்ணன் வீட்டுக்குல்லா போணும்.” கொஞ்ச நேரம் உரித்துக்கொண்டிருந்தவர், “ரெண்டு தடவ போனேன். வேண்டாம்னு சொல்லல அவன்” என்றார்.

சட்டம் படித்துவிட்டு வந்த என் கருத்து அந்தத் திண்ணையில் கொஞ்சம் ஆட்டம் கண்டது. பங்கு அவர் உரிமை என்பதில் எனக்கு இப்போதும் மாற்றமில்லை. ஆனால் அதைக் கேட்பதும் கேட்காததும் அவர் காரியம்; “ஏன் கேக்கல” என்று அவரைத் துளைப்பது என் காரியமில்லை. அப்படியானால் என் கருத்து எங்கே வேலை செய்ய வேண்டும்? என் வீட்டில். இதையே நோட்டில் எழுதினேன்: “என் மகளுக்கும் மகனுக்கும் சமமாக எழுதிவைப்பேன். யார் வீட்டு விடுதலைப் பத்திரத்திலும், அந்தப் பெண்ணுக்குச் சொத்தின் அளவும் மதிப்பும் தெரியும் என்று எனக்கு உறுதியாகாமல் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன்.” ஊருக்குச் சொல்லும் கருத்தைவிட இது சின்னது. ஆனால் கடைப்பிடிக்க முடிந்தது.

பேரை மாற்றிப் பார்ப்பது

இது சின்னச் சோதனை, ரொம்ப உதவும். திருவிழா ஒலிபெருக்கி பற்றிச் சண்டை என்று வையுங்கள். நம் ஊரில் இந்துக்களுக்கும் கோயில், கத்தோலிக்கர்களுக்கும் கோயில். அதனால் சோதனை இன்னும் சுலபம். நீங்கள் சொல்ல நினைப்பதை எழுதிவிட்டு, கோயிலின் பெயரை மட்டும் அடித்து அடுத்த மதத்துக் கோயிலின் பெயரையோ பள்ளிவாசலின் பெயரையோ எழுதுங்கள். இப்போதும் கையெழுத்துப் போடுவீர்களா? போடத் தயங்கினால், உங்களுக்குச் சத்தத்தைப் பற்றிக் கருத்து இல்லை, வேறு எதைப் பற்றியோ இருக்கிறது. விதி என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான்: இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, பண்டிகைகளுக்காக வருடத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை அரசு தளர்த்தலாம். 1982-ல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தைக் கண்ட மூத்தவர்கள் இந்தப் பேச்சு எழுந்தாலே குரலைத் தாழ்த்துவார்கள். அதைக் கவனியுங்கள்.

எல்லாவற்றுக்கும் கருத்து வேண்டுமா என்றால், வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண் என்ன உடுத்துகிறாள், யாரைக் கட்டுகிறாள் என்பதற்கெல்லாம் நோட்டில் பக்கம் ஒதுக்க வேண்டியதில்லை. பெண்கள் என்ன உடுத்தலாம் என்று இந்த மண் கருத்துச் சொன்ன கதை நமக்குத் தெரியும். தோள்சீலைப் போராட்டம் பத்தாண்டுக் கணக்கில் நடந்து, 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தார். அதிலும் ஒரு வால்: உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது. அன்றைக்கு ஊரில் அதிகாரமும் செல்வாக்கும் உள்ளவர்களின் தலையை எண்ணியிருந்தால் எந்தப் பக்கம் கூடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். “எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க” என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

சொல்லும்போது

சரி, விசாரித்தாயிற்று, நோட்டில் எழுதியாயிற்று. இனி பாட்டாவிடம் போக வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழு வேண்டாம். அங்கே யாரும் மனம் மாறி நான் பார்த்ததில்லை, குட் மார்னிங் படம் நின்றதுதான் மிச்சம். சாவு வீடும் வேண்டாம். கல்யாண வீடுகூட, பெண் வீட்டார் காதில் விழும் தூரத்தில் வேண்டாம். சாயங்காலம் அவர் திண்ணையில் தனியாக இருக்கும்போது போங்கள்.

“நீங்க சொன்னது தப்பு” என்று தொடங்கினால் அங்கேயே முடிந்தது. “பாட்டா, அன்னைக்கு நீங்க கேட்டத விசாரிச்சேன். நீங்க சொன்னது பழைய சட்டத்துல அப்படியே இருந்துருக்கு” என்று தொடங்கிப் பாருங்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். பாட்டா முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் 1986 தீர்ப்பைச் சொன்னேன். “அப்ப எனக்க மவ கேட்டா குடுக்கணுமா?” என்றார். “நீங்க இருக்கும்போது உங்க இஷ்டம் பாட்டா. எழுதி வெக்காம போனா, சமமாப் பிரியும்” என்றேன். அவர் மனம் மாறினாரா என்று தெரியாது. ஆனால் அடுத்த வாரம் பத்திர எழுத்தர் வீட்டு முன்னால் அவர் சைக்கிள் நின்றது. மகளுக்குச் சாதகமாகவா பாதகமாகவா எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

நோட்டை மூடி வைக்க வேண்டாம். ஒவ்வொரு கருத்தின் கீழும் தேதி போடுங்கள், “எது தெரிந்தால் இதை மாற்றுவேன்” என்று ஒரு வரி எழுதுங்கள். என் நோட்டில் பஸ் பக்கம் இரண்டு தடவை அடித்துத் திருத்தியாயிற்று.

பெரியம்மா பக்கமும் இன்னும் முடியவில்லை. போன மாதம் போனபோது, உள்ளே போய்த் தகரப்பெட்டியிலிருந்து மஞ்சளித்துப் போன ஒரு தாளை எடுத்து வந்தார். “எல்லாத்தையும் எழுதுதியே, இத ஒருக்கா வாசிச்சுச் சொல்லு. நான் வாசிச்சதே இல்ல.”

வாசித்தேன். சர்வே எண், நாலு பக்கத்து எல்லை, யாதொரு பாத்தியமும் இல்லை என்று ஒரே மூச்சில் ஓடும் வாக்கியம்.

“எத்தன சென்டுன்னு போட்டுருக்கு?”

“முப்பத்தெட்டு பெரியம்மா.”

விரலை மடக்கி எதையோ எண்ணினார். “தெக்க அந்தப் பிலா நிக்குத எடமும் சேத்தா?”

எல்லையை இன்னொரு தடவை பார்த்தேன். “சேத்துதான் பெரியம்மா.”